ஏறினால் தங்கம், இறங்கினால் இரும்பு

பழைய ரேடியோ, பழைய மெட்டல் டிடெக்டர் என்று கிறுக்குப் பிடித்து அலைகிறவர்கள் சேர்ந்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறோம். அதில் நான் ஒருத்திதான் பொம்பளை. போன வாரம் என் வீட்டு அலமாரியைப் படம் எடுத்துப் போட்டேன். திருத்தங்கலில் ஒரு அச்சகத்தில் வேலை பார்க்கிற தம்பி உடனே பதில் போட்டார். "அக்கா, மத்ததெல்லாம் சரி. நடுவுல ஒரு தகரப் பெட்டி இருக்கே, வயரும் வளையமுமா, அதை எதுக்கு வச்சிருக்கீக? இன்னைக்கு வர்ற விளையாட்டு செட்டு அதைவிட நல்லா வேலை செய்யுமே!" முதலில் கோபம்தான் வந்தது. அடுப்பில் வைத்த பாலைக்கூட மறந்துவிட்டேன். பிறகு யோசித்தால், அவர் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. அந்தப் பெட்டி என்ன செய்தது என்று நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

என் பெயர் சபுரா. பிறந்தது விருதுநகர், வாழ்க்கைப்பட்டதும் அதே ஊர். அத்தா என்றால் எங்கள் வீட்டில் அப்பா, அவருக்கு மிளகாய் வத்தல் வியாபாரம். கடையில் ஒரு வால்வு ரேடியோ இருந்தது. அதன் பின்மூடியைக் கழற்றிப் பார்ப்பதுதான் எனக்குச் சின்ன வயது விளையாட்டு. ஐ.டி.ஐ.யில் ரேடியோ டிவி மெக்கானிக் படித்தேன். படித்து முடித்ததும் சொந்தமாகக் கடை போட ஆசைப்பட்டேன். ஒரு பொம்பளை கையில் டிவியைக் கொடுக்க எங்கள் தெருவில் ஒருவருக்கும் மனசு வரவில்லை. அப்போதுதான் சாத்தூர் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் கேட் சோதனைக்கு ஆள் எடுத்தார்கள். வேலைக்கு வருகிற பெண்களைத் தொட்டுச் சோதிக்க ஒரு பெண் வேண்டும். சோதனை மெஷின் படுத்துக்கொண்டால் எழுப்ப ஒரு மெக்கானிக் வேண்டும். ரெண்டும் ஒரே ஆளாகக் கிடைத்ததில் முதலாளிக்கு ஏகப்பட்ட சந்தோஷம். ஓய்வு பெறுகிறவரை அந்தக் கேட்டில்தான் இருந்தேன்.

பட்டாசு கம்பெனிக்குள் இரும்பு போகக் கூடாது. உள்ளே புழங்குகிற சாமானெல்லாம் மரம், பித்தளை, அலுமினியம். வெடிமருந்து இருக்கிற இடத்தில் ஒரு துண்டு இரும்பு தரையில் உரசினால் போதும். அதற்கு மேல் சொல்ல வேண்டாம். எங்கள் பக்கத்தில் அதைச் சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும். அதனால் காலையில் கேட்டில் செல்போன், சாவி, தீப்பெட்டி, பீடி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட வேண்டும். ஆண்களிடம் இத்தோடு முடிந்தது. பெண்களிடம்தான் வேலை. கொண்டை ஊசி, ஹேர்பின், எல்லாவற்றுக்கும் மேலே ஊக்கு.

ஊக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் பக்கத்துப் பெண்களுக்குத் தாலிக்கயிறுதான் பீரோ. அதில் ரெண்டு மூன்று ஊக்காவது தொங்கும். பஸ்ஸில் ரவிக்கை கொக்கி தெறித்தால் அதுதான் மானம் காக்கும். முள் குத்தினால் எடுக்க, பிள்ளைக்குத் துணி சுற்ற, எல்லாவற்றுக்கும் அதுதான். நான் போட்டிருந்தது எங்கள் வழக்கப்படி தாலிக்குப் பதில் கருகமணி. அதிலும் ஒரு காலத்தில் ஊக்கு தொங்கியது என்பதை மறைக்க மாட்டேன். கம்பெனியில் சேர்ந்த அன்றே கழற்றிவிட்டேன்.

இப்போது பெட்டிக்கு வருகிறேன். நான் சேர்ந்தபோது கேட்டில் இருந்தது அதுதான். மேசைமேல் தகரப் பெட்டி, அதிலிருந்து நீளமாக ஒரு வயர், வயரின் முனையில் மரக்கைப்பிடி வைத்த ஒரு வளையம், காதில் மாட்ட ஹெட்போன். வேலை செய்கிற விதம் லேசானது. ரெண்டு டிரான்சிஸ்டர் ரேடியோவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திருகினால் நடுவில் ஒரு விசில் சத்தம் வருமே, அந்தச் சங்கதிதான். பெட்டிக்குள் ஒரு ஆசிலேட்டர், அதாவது அலை உண்டாக்குகிற சுற்று, ஒரே சீராக ஓடும். இன்னொன்று வளையத்தை நம்பி ஓடும். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் காதில் விசிலாகக் கேட்கும். வளையத்துக்குப் பக்கத்தில் தங்கமோ பித்தளையோ ஜிகினாத் தாளோ வந்தால் சத்தம் ஏறும். சின்ன இரும்பு வந்தால் இறங்கும்.

அதற்குக் குறையும் நிறைய. வெயில் ஏற ஏற சத்தம் தானாக நகர்ந்துகொண்டே போகும், குமிழைத் திருகித் திருகிப் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். தங்கத்தோடு இரும்பு ஒட்டி இருந்தால் ரெண்டும் ஒன்றை ஒன்று மறைத்து ஆளை ஏமாற்றும். அதனால் நான் தாலிக்கயிற்றை வெளியே எடுத்து விரித்துக் காட்டச் சொல்வேன். வரிசை நகராது. "சபுராக்கா பொண்ணு பாக்குற மாதிரி பாக்குது" என்று கிண்டல் செய்வார்கள்.

பிறகு கைக்கு அடக்கமான புது செட்டு வந்தது. தடி மாதிரி இருக்கும், உலோகம் எதுவானாலும் பீப் என்று கத்தும். வரிசை வேகமாக நகர்ந்தது. முதலாளி பழைய பெட்டியைக் காயலான் கடைக்குப் போடச் சொன்னார். நான் கெஞ்சிக் கேட்டு வாங்கி கேட் ரூமிலேயே ஒரு மூலையில் வைத்துக்கொண்டேன். சாப்பாட்டு நேரத்தில் அதைத் திறந்து உட்கார்வதுதான் எனக்குப் பொழுதுபோக்கு. ஊதிப்போன கண்டன்சர்களை மாற்றினேன், வளையத்தைப் பிரித்துப் புதுக் கம்பி சுற்றி அரக்கு ஊற்றி மூடினேன். அந்தக் காலத்து ஜெர்மானியம் டிரான்சிஸ்டருக்காக மதுரையில் ஏறாத கடை இல்லை. "சேலை எடுக்கக்கூட நீ இவ்வளவு கடை ஏறினதில்லை" என்று என் வீட்டுக்காரர் சொல்வார். உண்மைதான்.

எங்கள் போர்மேன் பெயர் சங்கரலிங்கம். ஒல்லியான ஆள், வெள்ளை அரைக்கைச் சட்டை, குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கேள்வியையும் ரெண்டு தடவை கேட்பார். அதே வார்த்தை, அதே குரல். "கதவு ரெண்டும் திறந்திருக்கா?" என்பார். திறந்திருக்கு சார் என்றால் கொஞ்சம் பொறுத்து மறுபடி, "கதவு ரெண்டும் திறந்திருக்கா?" புதிதாக வந்தவர்களுக்கு எரிச்சல் வரும். ஒருநாள் நானே கேட்டுவிட்டேன். "முதல் பதில் வாயிலிருந்து வரும் தாயி. ரெண்டாவது பதில் போய்ப் பாத்துட்டு வரும்" என்றார். ரெண்டாவது பதிலை அவர் முழுசாக நம்புவார். அதற்கு மேல் துருவ மாட்டார்.

கொரோனாவுக்குச் சில வருஷம் முந்தி. தீபாவளி சீசன், ஆர்டர் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. வானம் வேறு மூடிக்கொண்டு வந்தது. சாப்பாட்டு மணி அடித்ததும் மாரீஸ்வரி நேராக என்னிடம் வந்தாள். இருக்கன்குடி பக்கத்துப் பெண், மருந்து கலக்குகிற ஷெட்டில் சல்லடையில் சலிக்கிற வேலை. முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா, என் தாலிக்கயித்துல ஒரு ஊக்கு இருந்துச்சு. இப்ப இல்ல."

"எங்கன இருந்துச்சு? காலையில கேட்டுல கழட்டலயா?"

"மறந்துட்டேன்க்கா. செல்விக்கா தடியை வச்சுச்சு, கத்துச்சு. தாலிதானேன்னு விட்டுருச்சு."

செல்வி என்னோடு கேட்டில் நிற்கிற இன்னொரு சோதனைக்காரி. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பீப் என்று ஒரே மாதிரி கத்துகிற செட்டை வைத்துக்கொண்டு, நெஞ்சுக்கு நேரே கத்தினால் தாலி என்று விட்டுவிடுவது எல்லாக் கம்பெனியிலும் வழக்கமாகிவிட்டது. தாலியைக் கழற்று என்று எந்தப் பொம்பளை இன்னொரு பொம்பளையிடம் சொல்வாள்? அந்த மரியாதைக்குள்தான் ஊக்கு ஒளிந்துகொண்டு உள்ளே போனது.

போர்மேனிடம் சொன்னேன். அவர் ஓடவில்லை, கத்தவில்லை. ஷெட்டில் எஞ்சி நின்ற பெண்களை வெறுங்கையோடு, ஒருத்தர் பின்னால் ஒருத்தராக நடந்து வரச் சொன்னார். எதையும் மூட வேண்டாம், நகர்த்த வேண்டாம், இருந்தது இருந்தபடி இருக்கட்டும். பக்கத்து ஷெட்டுகளையும் காலி செய்தார். எல்லோரும் வேப்பமரத்தடிக்கு வந்து சேர்ந்ததும் கேட் ரூமுக்குப் போய் முதலாளிக்குப் போன் போட்டுச் சொன்னார். பிறகு எங்களிடம் நிலைமையைச் சொன்னார்.

ஷெட்டுக்குள் பாதி கலந்த மருந்து தட்டுகளில் இருக்கிறது. அதை அப்படியே ராத்திரி விட்டுவைக்க முடியாது, ஈரக்காற்று பட்டால் தானே சூடேறுகிற சரக்கு. தண்ணீர் ஊற்றவும் முடியாது. ஊக்கு வெளியே எங்காவது கிடந்தால் மருந்தில் பழுதில்லை, வழக்கம்போல் வேலையை முடிக்கலாம். வெளியே கிடைக்காவிட்டால் ஊக்கு தட்டுக்குள் இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்போது யாராவது ஒருத்தர் உள்ளே போய் ஒவ்வொரு தட்டாகத் தூக்கி எரிகுழிக்குக் கொண்டுபோக வேண்டும்.

"அந்த ஒருத்தர் நான்தான். வேற பேச்சு வேண்டாம்" என்றார்.

மாரீஸ்வரி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவர் என் பக்கம் திரும்பினார். "தாயி, வெளியில தேடணும். அவ காலையிலேருந்து நடந்த வழி பூராவும்."

புதுத் தடியால் தேடிப் பார்த்தோம். பட்டாசு கம்பெனித் தரையில் பார்க்கிற இடமெல்லாம் ஜிகினாத் தாள் துணுக்கு. அடிக்கு அடி கத்தியது. ஒவ்வொன்றையும் குனிந்து கிளறினால் பொழுது சாய்ந்துவிடும். நான் கேட் ரூமுக்குப் போய்ப் பழைய பெட்டியைத் தூக்கி வந்தேன். நானே பழுது பார்த்த சாமான், அதுவரை அதை வைத்து நான் கண்டுபிடித்தது வீட்டில் தொலைந்த சாவிதான்.

மேகம் மூடினாலும் வெக்கை குறையவில்லை. சத்தம் நகராமல் இருக்கப் பெட்டியின்மேல் ஈரத்துண்டைப் போர்த்தினேன். செல்வி பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். வளையத்தைத் தரையிலிருந்து உள்ளங்கை அளவு உயரத்தில் பிடிக்க வேண்டும். அங்கே கரிசல் மண், உயரம் மாறினால் மண்ணே சத்தத்தை இழுத்துவிடும். கேட்டிலிருந்து நடைபாதை, அங்கிருந்து தண்ணீர்த் தொட்டி. ஏறியது, ஏறியது, மறுபடி ஏறியது. எல்லாம் ஜிகினா. ஒரு இடத்தில் சட்டென்று இறங்கியது. உயிரே வந்தது மாதிரி கிளறினேன். துருப்பிடித்த லாட ஆணி. கம்பெனி வருவதற்கு முன் அது புஞ்சைக்காடு, எந்தக் காளையின் காலிலிருந்து விழுந்ததோ. அதைக் கொண்டுவந்த காளையையும் ஓட்டி வந்தவரையும் மனசுக்குள் நன்றாகத் திட்டினேன்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மறுபடி இறங்கியது. ஈரமண்ணைத் தள்ளினேன். ஊக்கு!

வேப்பமரத்தடியில் ஒரே கூச்சல். "ஆத்தா, மாரியாத்தா" என்று ஒருத்தி தரையில் விழுந்து கும்பிட்டாள். போர்மேன் ஊக்கை வாங்கி உள்ளங்கையில் வைத்து மாரீஸ்வரியிடம் நீட்டினார்.

"இது உன் ஊக்கா தாயி?"

அவள் பார்த்தாள். சுற்றி நிற்கிற எங்களைப் பார்த்தாள். ஆமா என்று சொல்லிவிடு தாயே என்று அத்தனை பேர் முகமும் அவளைக் கெஞ்சியது. என் முகமும்தான்.

"அப்படித்தான் தெரியுது சார்."

கொஞ்சம் பொறுத்து, அதே குரலில், "இது உன் ஊக்கா தாயி?"

அவள் ஊக்கை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "இல்ல சார். என் ஊக்கோட வாய் வளைஞ்சிருக்கும், பல்லால கடிச்சுக் கடிச்சு. இது என்னுது இல்ல."

அந்த நிமிஷம் எனக்கு அவள்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. போர்மேன் தலையை ஆட்டினார். "சரி" என்று சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைக் கழற்றினார். சட்டைப்பை பேனா, இடுப்பில் சாவிக்கொத்து, மூக்குக்கண்ணாடி; ஷெட்டுக்கு வெளியே நிற்கிறவரை போர்மேனுக்கு மட்டும் அதெல்லாம் அனுமதி. எல்லாவற்றையும் மரத்தடியில் கிடந்த மேசைமேல் வைத்தார். கல்யாண மோதிரம் கழறவில்லை, தங்கம்தானே என்று விட்டுவிட்டார். பிறகு என் முன்னால் வந்து ரெண்டு கையையும் விரித்து நின்றார். உள்ளே போகிறவர் யாராக இருந்தாலும் சோதனை உண்டு.

எத்தனையோ வருஷம் எத்தனையோ பேரைச் சோதித்திருக்கிறேன். அன்றைக்கு மாதிரி கை கனத்ததில்லை. தலை, தோள், இடுப்பு, கால். மோதிரத்துக்குப் பக்கத்தில் மட்டும் சத்தம் ஏறியது. "சுத்தமா தாயி?" என்றார். சுத்தம் என்றேன். மறுபடி கேட்டார். மறுபடி வளையத்தை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சுத்தம் என்றேன்.

அவர் நடக்க ஆரம்பித்ததும்தான் எனக்கு உறைத்தது. "சார், நில்லுங்க" என்றேன். "வாசல்படி பாக்கலயே!"

ஒவ்வொரு ஷெட்டைச் சுற்றியும் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கும். பேட்டரி உள்ள எதுவும் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. அதனால் கோட்டுக்கும் வாசலுக்கும் நடுவே உள்ள இடத்தை நாங்கள் தொடவே இல்லை.

"பெட்டியைக் கோட்டுக்கு வெளிய வச்சுக்கிறேன் சார். வயர் நீளம் போதும். வளையத்தை மட்டும் நீங்க கொண்டு போங்க."

"வளையத்துல பொறி வர வழி இருக்கா?"

"இல்ல சார். சுவிட்சு, பேட்டரி எல்லாம் பெட்டியில. வளையத்துல வெறும் கம்பிதான், அரக்கு ஊத்தி மூடியிருக்கேன்."

"வளையத்துல பொறி வர வழி இருக்கா?"

நான் சுற்றிய கம்பியை, ஊற்றிய அரக்கை, பற்ற வைத்த முனையை ஒவ்வொன்றாக மனசுக்குள் தடவிப் பார்த்தேன். "இல்ல சார்."

அவர் வளையத்தை வாங்கிக்கொண்டார். நான் கோட்டுக்கு வெளியே ஹெட்போனோடு உட்கார்ந்தேன். அவருக்குச் சத்தம் கேட்காது, எனக்குத் தரை தெரியாது. அவர் கையும் என் காதும் சேர்ந்துதான் ஒரு ஆள். "இன்னும் கொஞ்சம் கீழ பிடிங்க சார். அப்படியே இடது பக்கம். மெதுவா." சத்தம் நிதானமாக ஓடியது. படியில் கால் தட்டுவதற்குத் தென்னைநார் மிதியடி ஒன்று கிடக்கும். வெறுங்காலோடு வருகிற பெண்கள் மண்ணைத் தட்டிவிட்டு உள்ளே போவதற்காக. வளையம் அதன்மேல் போனதும் விசில் குப்புற விழுந்தது.

"சார்! அங்கனதான். நகராதீக!"

அவர் மிதியடியை உதறவில்லை. ரெண்டு கையாலும் தூங்குகிற பிள்ளையைத் தூக்குகிற மாதிரித் தூக்கி, கோட்டுக்கு வெளியே வெகுதூரம் நடந்து வந்து, ஒரு வெள்ளைத் துணியில் வைத்தார். நாரை விலக்கினோம். வாய் திறந்தபடி, முனை வளைந்து, நாருக்குள் குத்திக்கொண்டிருந்தது ஒரு ஊக்கு.

"இது உன் ஊக்கா?"

"என்னுதுதான் சார்."

"இது உன் ஊக்கா?"

"என்னுதுதான் சார், என்னுதேதான்!"

போர்மேன் அந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு கடிகாரத்தைக் கட்டப் பார்த்தார், விரல் ஒத்துழைக்கவில்லை. செல்விதான் வாரை மாட்டிவிட்டாள். "எல்லாரும் சோத்தைத் தின்னுங்க" என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சு முழுசாக வந்தது. உடம்பிலிருந்து ஒரு மூட்டை இறங்கினது மாதிரி இருந்தது. அன்றைக்கு நான் தின்ற புளிச்சோறு மாதிரி இன்னொன்று அப்புறம் சாப்பிட்டதில்லை.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ஒருத்தி சொன்னாள், முதல் ஊக்கையே ஆமா என்று சொல்லியிருந்தால் இந்நேரம் எல்லோரும் உள்ளே போயிருப்போம் என்று. அந்த மிதியடியில் காலைத் தட்டிவிட்டு, சேலையில் ஊக்கை மாட்டிக்கொண்டு, மருந்து கிடக்கிற தரைக்கு.

முதல் ஊக்கு யாருடையது என்று கடைசிவரை தெரியவில்லை. மறுநாள் எல்லோரையும் ரெண்டு ரெண்டு தடவை கேட்டும் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. மாரீஸ்வரியை வேலையை விட்டு நிறுத்த வேண்டும் என்று முதலாளி சொன்னார். "அவ கேட்டுல சோதனைக்கு வேணும்" என்று போர்மேன் சொன்னார். முதலாளி முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார். அவள் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறாள், தாலிக்கயிற்றை விரித்துக் காட்டாமல் ஒருத்தியும் அவளைத் தாண்ட முடியாது. சங்கரலிங்கம் சார் ஓய்வு பெற்று காரியாபட்டியில் மகன் வீட்டில் சௌக்கியமாக இருக்கிறார். பேரனைப் பள்ளிக்கூடத்தில் கொண்டு விடுகிற வேலை அவருக்கு. புத்தகம் எடுத்துக்கிட்டியா என்று அவனையும் ரெண்டு தடவைதான் கேட்கிறாராம்.

அன்றைக்குச் சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் மாரீஸ்வரி என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை.

"ஏண்டி, முதல்ல அப்படித்தான் தெரியுதுன்னு சொன்னே. அப்புறம் எதுக்கு மாத்திச் சொன்னே?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ரெண்டாவது வாட்டி கேட்கும்போது அவரு மூஞ்சியைப் பாத்தேன்க்கா. நான் ஆமான்னு சொன்னா, அந்த மனுசன் அப்படியே நம்பிருவாரு."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். எனக்குத்தான் அழுகை வந்தது.